18 கிராமும் 871 தடவையும்

என் அக்கா மகன் பாடுகிறவன். கச்சேரி, மெல்லிசைக் குழு என்று நினைத்துவிட வேண்டாம். பேசுகிற வேகத்தில் பாடுகிற ராப். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை என் அத்தானுக்கு. வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை வந்து முன்னோருக்குப் படைப்பு முடித்துவிட்டுச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுவார்கள். அந்த வீட்டின் இரண்டாங்கட்டில், ஜன்னல் இல்லாத சாமான் அறை ஒன்றில்தான் மருமகனின் ஸ்டுடியோ. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்றிருக்கும். பார்க்க அழகு, பாடினால் எதிரொலி ஆளைக் கொல்லும். அதனால் நாலு பக்கமும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்திருக்கிறான். உள்ளே போனால் தும்மல் வரும்.

போன ஆவணியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். அழுகைதான் முதலில் கேட்டது, பேச்சு அப்புறம் வந்தது. தேவகோட்டையிலிருந்து கூட்டாளியோடு பைக்கில் வந்தவனை வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தியிருக்கிறார்கள். சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலம். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஸ்டேஷன் வராந்தாவில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் நகைக்கடையில் இருப்பது போன்ற சின்னத் தராசு. சிவப்பு எழுத்தில் 18.40 என்று காட்டியது. “கவரைக் கழிச்சா எவ்வளவுங்க?” என்று நான் கேட்டுவிட்டேன். கடைக்காரன் புத்தி எங்கே போகும்? எழுத்தர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பதினெட்டுன்னு வச்சுக்கலாம்” என்றார்.

அங்கேதான் அது நடந்தது. மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டு, ஓய்வு பெறும் வயது, என்னை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். “நீங்க அந்த கேசட் கடைக்காரர்தானே? செக்காலை ரோட்டுல இருந்துச்சே? என் கல்யாணத்துக்கு முன்னாடி உங்ககிட்ட பன்னெண்டு பாட்டு பதிஞ்சு வாங்கிட்டுப்போய்த்தான் என் வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். இன்னும் வச்சிருக்கா.” முகமெல்லாம் சிரிப்பு. உட்காரச் சொன்னார், எனக்கும் ஒரு டீ வந்தது. மருமகன் தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு சொன்னான். அவன் சொல்வதற்கு முன்பே எனக்கு உறைத்துவிட்டது. அந்த ஏட்டுக்கு நான் விற்ற கேசட் ஒரு குற்றம். சட்டப்படி பார்த்தால் பையன் சட்டைப்பையில் இருந்ததைவிடப் பெரிய குற்றம்.

என் குற்றம்

நான் காரைக்குடியில் கடை போட்டது 1985 கார்த்திகையில். அப்பா மைக் செட் வைத்திருந்தவர். குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், இரண்டு பெட்டி ரெக்கார்டு என்று மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் எல்லாம் சுற்றியவர். நான் அதைக் கடைக்குள் கொண்டுவந்தேன். இரண்டு டெக், ஒரு டர்ன்டேபிள், சுவர் முழுக்க எல்பி ரெக்கார்டு. ஆட்கள் பேப்பரில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 6 பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் 7. கம்பெனி கேசட் வாங்கினால் பிடித்த ஒரு பாட்டுக்காகப் பிடிக்காத நாலையும் சேர்த்து வாங்க வேண்டும். என்னிடம் அந்தத் தொல்லை இல்லை. காலி கேசட் விலைக்கு மேல் 15 ரூபாய், அவ்வளவுதான். காதலிப்பவர்கள்தான் முக்கிய வாடிக்கை. பாட்டு வரிசையைப் பார்த்தே யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

பதிப்புரிமைச் சட்டத்தை 1984-இல் திருத்தினார்கள். திருட்டுப் பதிவுக்குக் குறைந்தபட்சம் 6 மாதம் சிறை, அதிகபட்சம் 3 வருடம் என்று. அதாவது நான் கடை திறந்த நாளிலேயே அந்தச் சட்டம் அமலில் இருந்தது. பன்னிரண்டு வருடம் தினமும் அந்தக் குற்றத்தைச் செய்தேன். சரஸ்வதி பூஜைக்குப் பொரி கொடுத்தேன், ரோட்டரியில் சால்வை போட்டார்கள். யாரும் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதே 1985 நவம்பரில்தான். நான் குத்துவிளக்கு ஏற்றிய அதே மாதம். அதன்படி இப்போது 1 கிலோ வரை கஞ்சா ‘சிறிய அளவு’. ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 18 கிராமும் 900 கிராமும் அங்கே ஒரே தட்டில்தான். அதே செடியின் இலை, பூங்கொத்து சேராமல் தனியாக இருந்தால், இந்தச் சட்டம் சொல்கிற கஞ்சாவே அல்ல. வடக்கே சில மாநிலங்களில் பாங்கு என்று அரசு அனுமதித்த கடையிலேயே விற்கிறார்கள்.

பையனை ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். கூட்டாளிக்குத்தான் அடி. சிங்கப்பூரில் வேலை கிட்டத்தட்ட முடிவாகி இருந்தது, போலீஸ் சான்றிதழில் நின்றுபோனது.

ஒரே பாட்டு, எட்டு ஊர்

வெள்ளிக்கிழமைதோறும் கடைக் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பட்டியல் ஒட்டுவேன். ‘இந்த வாரம் அதிகம் பதிவான 10 பாடல்கள்.’ முதலில் நோட்டைப் பார்த்து நேர்மையாகத்தான் எழுதினேன். ஒரு தடவை ஓடாத படம் ஒன்றின் ரெக்கார்டை நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டேன். பாட்டு மோசமில்லை, ஆனால் படம் மூன்றாம் நாளே எடுத்துவிட்டார்கள், யாருக்கும் தெரியாது. போட்ட காசு வரட்டுமே என்று அதில் ஒரு பாட்டைப் பட்டியலில் இரண்டாவதாக எழுதி வைத்தேன். ‘இது என்ன பாட்டுண்ணே, ரெண்டாவதா இருக்கு?’ என்று கேட்டார்கள். போட்டுக் காட்டினேன். மூன்றாவது வாரம் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் நிஜமாகவே அது இரண்டாவது. அடுத்த மாதம் டீக்கடையில், டவுன் பஸ்ஸில் எல்லாம் அந்தப் பாட்டு. காரைக்குடியில் மட்டும் ஹிட். மதுரையில் என்னைப் போலக் கடை வைத்திருந்த நண்பனிடம் கேட்டேன், அப்படி ஒரு பாட்டே அவனுக்குத் தெரியவில்லை.

இதையே விஞ்ஞானமாக 2006-இல் அமெரிக்காவில் செய்து காட்டினார்கள் என்பது ரொம்பப் பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று பேர். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,000 பேருக்கு மேல் வந்து கேட்டார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் என்ன இறக்கினார்கள் என்பதைக் காட்டவே இல்லை. மீதிப் பேரை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை இறக்கப்பட்டது என்று காட்டினார்கள். ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னொன்றில் 40-ஆவது. ரொம்ப நல்ல பாட்டு அவ்வளவாகத் தோற்பதில்லை, ரொம்ப மோசமான பாட்டு அவ்வளவாக ஜெயிப்பதில்லை. நடுவில் இருக்கிற எதுவும் எங்கேயும் போகலாம். முதலில் வந்த நாலு பேர் கை எதன் மேல் பட்டதோ, அதன் மேலேயே கூட்டம் ஏறும். நான் ஸ்கெட்ச் பேனாவால் செய்த வேலை.

தாமதமாகத்தான் எனக்கு இன்னொரு கணக்கும் பிடிபட்டது. அந்த 18 கிராமைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டுப் பையன்கள் பாதிப் பேர் போய் இறங்குகிற சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தாலே விற்கத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உன் பாடு. 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. அங்கிருந்து இரண்டு மணி நேர விமானத்தில் பாங்காக். 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இழுத்துப் பிடித்தார்கள். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வயது வந்தவர் 30 கிராம் வரை பையில் போட்டுக்கொண்டு போலீஸ்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். ஒரே பொட்டலம்தான். ஒரு ஊரில் குற்றவாளி, ஒரு ஊரில் வாடிக்கையாளர், ஒரு ஊரில் பிணம். ஒரே பாட்டுக்கு எட்டு உலகத்தில் எட்டு இடம் என்று படித்தபோது சிரித்தேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை.

திண்ணையில் நடந்த வழக்கு

அபராதம் கட்டிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை மருமகன் வீட்டுக்கு வந்தான். திட்ட வேண்டும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அக்கா எங்கே இருந்தாள்? அடுப்படியில், காதைத் தீட்டிக்கொண்டு. நானும் ஆரம்பித்தேன். அவன் விடவில்லை.

“மாமா, உங்களுக்கு டீ கொடுத்தாங்க. என்னை வராந்தாவுல உட்கார வச்சாங்க. உங்க கேசட்டும் திருட்டுதானே?”

“அது யாருக்கும் கெடுதல் இல்லப்பா.”

“மியூசிக் போட்டவருக்கு? பாட்டு எழுதினவருக்கு?”

பதில் இல்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் பாட்டை நான் எத்தனை ஆயிரம் தடவை பதிந்திருப்பேன்! அந்த ஊர் இங்கிருந்து பக்கம்தான். அவர் குடும்பத்துக்கு என் கடையிலிருந்து ஒரு பைசா போனதில்லை. அதற்காக மனசு கஷ்டப்பட்டதும் இல்லை, இந்தப் பயல் கேட்கிற வரை.

அப்புறம் அவன் பாரதியைக் கொண்டுவந்தான். எதிர்பார்த்ததுதான். பாரதிக்கு லாகிரிப் பழக்கம் இருந்ததை அவரோடு பழகியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த, கையில் தடியோடு இருக்கிற அந்தப் படம்தான் எங்கள் ஊருக்குப் பெருமை. அது எங்கள் கடையிலும் மாட்டியிருந்தது. “அவரு பிடிச்சா மகாகவி, நான் பிடிச்சா கேஸ்” என்றான். எனக்குக் கோபம் வந்தது. “பாரதி பாட்டால காசு பார்த்தது யாருன்னு தெரியுமாடா?” என்று ஆரம்பித்து ஒரு பாடம் நடத்தினேன். 1921-இல் அவர் போனபோது குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பிறகு அந்தப் பாட்டுகளை இசைத்தட்டில் பதிகிற உரிமை கை மாறிக் கை மாறிக் கடைசியில் எங்கள் ஊர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. அவர் இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கியவர். யுத்த காலத்தில் ஸ்டுடியோவைக் காரைக்குடிக்கே கொண்டுவந்து ‘நாம் இருவர்’ எடுத்து, 1947-இல் பாரதி பாட்டோடு வெளியிட்டார். 1949-இல் அரசாங்கம் அந்த உரிமையை நாட்டுடைமை ஆக்கியபோது பணம் வாங்காமல் கொடுத்தார். அது பெரிய மனசு, மறுப்பதற்கில்லை. ஆனால் அடகு நகை மாதிரிப் பாட்டு கை மாறிக்கொண்டே இருந்த அத்தனை வருடமும், அதைச் செய்தவனுக்கு அதில் இடமில்லை. “அதத்தான் நானும் சொல்றேன்” என்றான் மருமகன். நான் என்ன நிரூபிக்க ஆரம்பித்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

அவன் வாதம் இதுதான்: அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாகத் திறந்துவிட்டார்கள், காசு கொட்டுகிறது, பாடகர்கள் எல்லாம் கஞ்சாக் கம்பெனி முதலாளிகள். இங்கேயும் திறந்துவிட்டால் மலையில் விளைவிக்கிறவன் பிழைப்பான், கொண்டுவருகிறவன் பிழைப்பான், தன்னைப் போன்றவன் வராந்தாவில் உட்கார வேண்டாம். கடைசி வரியில் எனக்குச் சண்டை இல்லை. 18 கிராமுக்காக ஒரு பையனின் சிங்கப்பூர் வேலை போவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் அது போகக்கூடாது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. வளர்கிற மூளை வேறு. ஆனால் அந்தப் ‘பிழைப்பான்’ இருக்கிறதே, அதை நான் நம்பவில்லை.

என் கடைக்காரச் செட்டியார், அதாவது கடையை எனக்கு வாடகைக்கு விட்டவர், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம். மாதம் பிறந்தால் வாடகைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். ஒரு நாள் கேட்டேன், ஏன் ஐயா ஒருத்தனுக்கு ஒரு வட்டி, இன்னொருத்தனுக்கு வேற வட்டி என்று. “பாதி வட்டிதான் தம்பி பணத்துக்கு. மீதி பயத்துக்கு” என்றார். ஆள் ஓடிப்போவானோ என்ற பயம் எவ்வளவோ அவ்வளவு வட்டி. பயம் போய்விட்டால் வட்டியும் இறங்கிவிடும்.

கஞ்சாவின் விலையும் அப்படித்தான். அது ஒரு செடி. தக்காளியைவிடக் கஷ்டமான பயிர் இல்லை. ஆந்திர-ஒடிசா எல்லை மலையில் மூட்டையாகக் கட்டுகிற விலைக்கும் இங்கே பொட்டலமாகக் கைக்கு வருகிற விலைக்கும் நடுவில் இருப்பது முழுக்கப் பயத்தின் வட்டி. சோதனைச்சாவடியைத் தாண்டுகிற பயம், காட்டிக்கொடுக்கப்படுகிற பயம், 20 கிலோ தாண்டினால் குறைந்தது 10 வருடம் என்கிற பயம். சட்டம் திறந்துவிட்டால் முதலில் போவது அந்த வட்டிதான். கொலராடோவில் 2014 ஜனவரி முதல் நாள் கடை திறந்தார்கள். 2015 தொடக்கத்தில் மொத்த விலை ஒரு பவுண்டு 2,000 டாலரை ஒட்டி இருந்தது. 2018 கடைசியில் 800-க்கும் கீழே. எல்லாரும் விதைத்தார்கள், எல்லாருக்கும் விளைந்தது. கனடாவில் டில்ரே என்ற கம்பெனி 2018 ஜூலையில் 17 டாலருக்குப் பங்கு விற்றது. செப்டம்பரில் ஒரு நாள் அது 300-ஐத் தொட்டது. 2020-இல் 10 டாலருக்கும் கீழே கிடந்தது. முதலில் வந்த நாலு பேர் கை பட்டதன் மேல் கூட்டம் ஏறும் என்றேனே, இறங்குவதும் அப்படித்தான்.

அப்படியானால் யாருக்குத்தான் லாபம்? இலை எல்லாம் ஒரே இலை என்று ஆனபிறகு டப்பா மேல் யார் பெயர் என்பதுதான் மிச்சம். மருமகன் சொன்ன பாடகர்கள் அங்கேதான் வருகிறார்கள். ஸ்னூப் டாக் 2015-இல் தன் பெயரில் ஒரு கஞ்சா பிராண்டு விட்டார். வில்லி நெல்சனும் அதே வருடம் தன் பிராண்டை அறிவித்தார். செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆன பாப் மார்லியின் பெயரிலும் ஒன்று வந்தது. இவர்கள் யாரும் விதைக்கவில்லை, களை எடுக்கவில்லை. ஏற்கனவே பாட்டில் சம்பாதித்த பெயரை டப்பா மேல் ஒட்டினார்கள். சட்டம் மூடியிருந்த காலத்தில் அந்தப் பொட்டலத்துக்காகச் சிறைக்குப் போனவன் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை.

பாட்டிலும் நடந்தது இதுவே. அப்பாவின் குழாய் ஸ்பீக்கர் வருவதற்கு முன்னால் கல்யாண வீட்டில் பாட ஆள் வேண்டும், ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். ஸ்பீக்கர் வந்ததும் சென்னையில் பாடுகிற ஒருவர் ஒரே முகூர்த்த நாளில் நாற்பது ஊரில் பாடினார். உள்ளூர்ப் பாடகர் வயலுக்குப் போனார். ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதாரக்காரர் 1981-இல் இதைத்தான் எழுதினார்: ஒரே ஆள் எல்லாரையும் எட்ட முடிகிறபோது, கொஞ்சம் நன்றாகப் பாடுகிறவனுக்கும் அடுத்தவனுக்கும் திறமையில் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் வருமானத்தில் மலையளவு. எங்கள் அப்பா வண்டி ஓட்டியபடியே அதைச் செய்துகொண்டிருந்தார், பாவம், தெரியாமல். அப்புறம் என் முறை வந்தது. 2001 வாக்கில் பஸ் ஸ்டாண்டில் 150 பாட்டு உள்ள எம்பி3 தட்டை 30 ரூபாய்க்குக் கூவி விற்றார்கள். அதற்கு முன்பே நான் டெக்கை விற்றுவிட்டு ஜெராக்ஸ் மெஷின் போட்டிருந்தேன். இப்போது பாட்டு இலவசம். இலவசமானதும் காசு பெயருக்கும் மேடைக்கும் போய்விட்டது. ஆலன் க்ரூகர் என்ற இன்னொரு பொருளாதாரக்காரர் போட்ட கணக்கில், அமெரிக்காவில் கச்சேரி வசூலில் மேல் 1 சதவீதக் கலைஞர்களுக்குப் போனது 1982-இல் 26 சதவீதம், 2017-இல் 60. கதவைத் திறந்தால் எல்லாரும் உள்ளே வரலாம் என்று சொன்னார்கள். வந்தார்கள். சாப்பாடு ஒரே பந்தியில் தீர்ந்துவிட்டது.

இந்த ஊரில் இன்னொரு பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் மதுவிலக்கை 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் திரும்பப் போட்டார்கள், அப்புறம் மறுபடி எடுத்தார்கள். இன்று டாஸ்மாக் வருமானம் வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல். ஆனால் பனை ஏறிக் கள் இறக்கினால் 1987-இலிருந்து குற்றம். திறந்த கதவு ஆலைக்கு, பூட்டிய கதவு பனைக்கு. கஞ்சாவுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் ஏலம் விட்ட கடைகள் இருந்தன. 1893-இல் ஒரு கமிஷன் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றார்கள். ஏலம் எடுத்தவன் பிழைத்தான். “அனுமதிக்கிறாங்களா இல்லையாங்கிறது ரெண்டாவது கேள்விடா. லைசென்ஸ் யார் கையில கொடுக்கிறாங்க? அதக் கேளு” என்றேன். அதற்குள் அக்கா காபியோடு வந்து, “திட்டச் சொன்னா லைசென்ஸ் வாங்கித் தர்றியா?” என்றாள்.

கீறல் விழுந்த தட்டு

அடுத்த வாரம் அவனை முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கூட்டிப்போனேன். பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற சாமான்கள் எல்லாம் அங்கேதான். பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், ஜெர்மன் கடிகாரம். தெரிந்த கடை ஒன்றில் கிராமபோன் தட்டுகள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கீழே அட்டைப்பெட்டியில் ஒரு குவியல், எது எடுத்தாலும் 150. மேலே கண்ணாடி அலமாரிக்குள் ஒரே ஒரு தட்டு, தியாகராஜ பாகவதர், 2,500. எடுத்துப் பார்த்தேன். குறுக்கே மயிரிழை விரிசல், ஓரத்திலிருந்து நடு லேபிள் வரை.

“இது பாடாதேண்ணே?” என்றான் மருமகன்.

“பாடாது தம்பி. ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க.”

“அந்தப் பெட்டியில இருக்கிறதெல்லாம் பாடுமா?”

“பாடும். யாருன்னுதான் தெரியாது.”

மருமகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைக் கிளறினான். பல தட்டுகளில் லேபிள் கரையான் தின்று பாதிதான் இருந்தது. ஒன்றை எடுத்துப் போடச் சொன்னான். கடைக்காரர் சாவி கொடுத்தார். முதலில் மழை மாதிரி இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல். நாடகக் குரல்தான், தொண்டையைத் திறந்து மேலே போகிற குரல். சொல் எதுவும் இல்லாமல் ஒரு இழுப்பு, கீழே இறங்குகிற இடத்தில் லேசாக உடைந்து, உடைந்ததை மறைக்காமலே அடுத்த ஸ்வரத்தில் போய் நின்றது. பக்கத்துக் கடையில் பித்தளை விலை பேசிக்கொண்டிருந்தவர் கூடத் திரும்பினார். லேபிளில் கம்பெனியின் நாய்ப் படத்துக்குக் கீழே ‘மிஸ்’ என்ற இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. பெயர் இருந்த இடத்தில் கரையான் தடம்.

150 கொடுத்து வாங்கிவிட்டோம். அந்த இழுப்பில் 11 வினாடியை எடுத்து, மெத்தை அறையில் உட்கார்ந்து அதற்குக் கீழே தாளம் போட்டு, ஒரு பாட்டு செய்திருக்கிறான். ஸ்டேஷன் வராந்தாதான் பாட்டின் சங்கதி. செருப்பில்லாத கால், 18.40, எனக்கு வந்த டீ எல்லாம் அதில் இருக்கிறது. என்னைப் பற்றி நாலு வரி, அவ்வளவு மரியாதையாக இல்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாள் குரல் வருகிற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் கை வேலையை நிறுத்திவிடுகிறது.

ஐந்து மாதம் ஆகிறது. அவன் பாட்டை ஏற்றியிருக்கிற கம்பெனியின் விதி, 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 தடவை கேட்கப்படவில்லை என்றால் அதற்குக் காசே கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினால் வருவது ஒரு வடை-டீ காசு. அது வேறு விஷயம். போன மாசிக் கடைசியில் 871-இல் நின்றிருந்தது. 30 வினாடி ஓடினால் ஒரு தடவை என்று கணக்காம்.

ராத்திரி ஜெராக்ஸ் மெஷினை அணைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கல்லாக் கணக்கு எழுதும்போது போனை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொள்கிறேன். 30 ஆனதும் முதலிலிருந்து வைக்கலாம். ஆனால் அந்த அம்மாள் வருவது இரண்டாவது நிமிடத்தில். அதுவரை விட்டுவிட வேண்டியிருக்கிறது. அதனால் ராத்திரிக்கு நாலு, ஐந்துக்கு மேல் ஏறுவதில்லை. மருமகனுக்குச் சொல்லவில்லை. நேற்றுப் போன் செய்து, “மாமா, காரைக்குடியில யாரோ தினமும் கேட்கிறாங்க, 912 வந்துருச்சு” என்றான்.